பின் சக்கர கப்ளிங் ஆட்டம், செயின் கடகடப்பு: ஹப் மாத்தாம குறைஞ்ச செலவுல சரி பண்ண வழி உண்டா?

பாலக்கோடு_100சிசி

வணக்கம்ங்க. 100 சிசி வண்டி, பின்னாடி ட்ரம் பிரேக், செயினுக்கு முழு மூடி போட்ட மாடல். ஓடினது ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. தினமும் காலையிலயும் சாயங்காலமும் மாரண்டஅள்ளி பக்கத்து கிராமத்துல இருந்து சொசைட்டிக்கு ரெண்டு 40 லிட்டர் பால் கேன் ஏத்திட்டுப் போற வண்டி.

இப்ப இருக்கிற கோளாறு இதுதான். ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்பப் பிடிச்சா பின்னாடி 'டக்'குன்னு ஒரு இடி. ரெண்டாவது, மூணாவது கியர்ல மெதுவா போனா கடகடன்னு சத்தம். மெயின் ஸ்டாண்டுல போட்டு சக்கரத்தைச் சுத்தினா செயின் ஒரு இடத்துல இறுக்கமா இருக்கு, இன்னொரு இடத்துல தொங்குது. சக்கரத்தை அசையாம பிடிச்சுக்கிட்டு பெரிய ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடுற பல்சக்கரம்) மட்டும் ஆட்டினா முன்னும் பின்னும் ஆடுது, பக்கவாட்டுலயும் கொஞ்சம் ஆடுது. செயின் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்தாச்சு. போன தடவை ஒரு ஜோடி லிங்க் வெட்டித்தான் மாட்டியிருக்கு.

பட்டறையில செயின் செட், கப்ளிங் (பெரிய ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கி, ரப்பர் வழியா ஹப்பைத் தள்ளுற பாகம்), ஹப் (சக்கரத்தோட நடுக்குடம்), பேரிங், ரப்பர்னு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்கு மேல சொல்றாங்க. ஹப் மாத்தினா ஸ்போக்கை அவுத்துத் திரும்பக் கட்டணும், அந்தக் கூலி வேற. இதுல எது கட்டாயம் மாத்தணும், எதைச் சரி பண்ணி ஓட்டலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

காவேரிப்பட்டணம்_ஸ்பேனர்

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அளந்துடுங்க தம்பி. நீங்க சொல்ற அறிகுறியில மூணு தனித்தனி தேய்மானம் கலந்திருக்கு. மூணுக்கும் வைத்தியம் வேற, செலவும் வேற.

முதல்ல செயின். மூடியைக் கழட்டி, செயினை இழுத்துப் பிடிச்சு 21 பின் எண்ணுங்க. முதல் பின்னோட நடுவுல இருந்து 21-வது பின்னோட நடு வரைக்கும் 20 லிங்க். நம்ம 100, 125 சிசி வண்டிகள்ல வர்ற 428, 420 ரெண்டு செயினுக்கும் பிட்ச் (ஒரு பின் நடுவுல இருந்து அடுத்த பின் நடு வரைக்கும்) அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. அதனால புதுசுல 254 மி.மீ இருக்கணும். 259 வந்துட்டா அந்த செயினோட ஆயுள் முடிஞ்சுது. மூணு வேற வேற இடத்துல அளங்க. ஒரு இடத்துல 257, இன்னொரு இடத்துல 261ன்னு வந்தா, சுத்தும்போது இறுக்கமும் தொய்வும் மாறி மாறி வர்றதுக்குக் காரணம் அதுதான். அப்படி இருக்கிற செயினை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் சரி பண்ணாது. தொங்குற இடத்தைப் பார்த்து இறுக்கினா, இறுகின இடம் வரும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைப் பிடிச்சு இழுக்கும்.

லிங்க் வெட்டினது பத்தி ஒண்ணு சொல்லணும். இந்தப் பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப இருக்கு, நிறுத்தியாகணும். 100 லிங்க் செயின்னு வச்சுக்குங்க, மொத்த நீளம் 1,270 மி.மீ. ரெண்டு சதவீதம் நீண்டா 25.4 மி.மீ கூடும். செயின் மேலயும் கீழயும் ஓடுறதால ஆக்சில் பின்னாடி நகர வேண்டியது அதுல பாதி, 12.7 மி.மீ. ஒரு ஜோடி லிங்க் வெட்டினா குறையறதும் சரியா அதே 25.4 தான். அதாவது வெட்டித்தான் மாட்ட முடியும்ங்கிற நிலை வரும்போதே செயின் எல்லை தாண்டியிருக்கும். வெட்டின பிறகும் மீதி ஒவ்வொரு லிங்கும் நீண்டபடியேதான் இருக்கு. ஒவ்வொரு பல்லுக்கும் பொருந்தாம ஏறி ஏறி இறங்கி ஸ்ப்ராக்கெட்டையும் தின்னுடும்.

ரெண்டாவது கப்ளிங் ரப்பர். சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஸ்ப்ராக்கெட் பல்லு நுனியில எவ்வளவு சும்மா ஆடுதுன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. ரப்பர் இருக்கிற இடம் மையத்துல இருந்து சுமார் 35 மி.மீ. 42 பல்லு ஸ்ப்ராக்கெட்டோட பல்லு இருக்கிறது மையத்துல இருந்து 85 மி.மீ. அதனால ரப்பர்ல ஒன்றரை மி.மீ தேஞ்சாலே பல்லு நுனியில மூணரை மி.மீ ஆட்டம் தெரியும். அந்த 'டக்' இடி இங்க இருந்துதான் வருது. நல்ல ரப்பரா இருந்தா சும்மா ஆட்டமே இருக்காது, கையால அழுத்தினா கொஞ்சம் அமுங்கித் திரும்பும்.

மூணாவது பேரிங். நீங்க பக்கவாட்டு ஆட்டம்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கும் ரப்பருக்கும் சம்பந்தம் இல்லை. கப்ளிங்குக்குள்ள இருக்கிற பேரிங் போயிருக்கலாம், இல்லைன்னா பேரிங் நல்லா இருந்து அது உட்காருற துளை பெருசாகியிருக்கலாம். பட்டறையில ஹப் மாத்தச் சொன்னது இந்த ரெண்டாவது காரணத்தை நினைச்சுத்தான்னு தோணுது. அதை லேத்துல (கடைசல் பட்டறையில) சரி பண்ணலாம். ஹப் உடைஞ்சிருந்தாலோ, ஸ்போக் துளை கிழிஞ்சிருந்தாலோ, பிரேக் ட்ரம் எல்லை தாண்டித் தேஞ்சிருந்தாலோ மட்டும் ஹப் மாத்துங்க. ட்ரம் எவ்வளவு தேயலாம்ங்கிற அளவு ட்ரம் மேலயே வார்ப்புல பதிச்சிருக்கும்.

இதோட ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) புஷ்ஷையும் பார்த்துடுங்க. பின் சக்கரத்தைக் கழட்டினப்புறம் ஸ்விங் ஆர்ம் கடைசியைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டுங்க. அங்க ஆட்டம் இருந்தா புது செயின் செட்டும் பக்கவாட்டுல தேஞ்சு சீக்கிரம் போயிடும்.

செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாத்துங்க. இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. தேஞ்ச பல்லுல புது செயின் போட்டா, கொக்கி மாதிரி வளைஞ்ச பல்லு ஒவ்வொரு ரோலரையும் பிடிச்சு வச்சு இழுக்கும். பழைய செயின் எத்தனை வருஷத்துல நீண்டதோ, அதுல சின்னப் பங்கு நாள்லயே புதுசும் நீண்டுடும்.

---

ஊத்தங்கரை_மெக்கானிக்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். பின் ஸ்ப்ராக்கெட் தட்டையான பிளேட் மாதிரி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வண்டிகள்ல திருப்பிப் போட்டு இன்னொரு பக்கத்துப் பல்லைப் பயன்படுத்துறது உண்டு. பல்லு கொக்கியா வளையாம, லேசா ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அது வேலை செய்யும். கையில பணம் இல்லாத நேரத்துல பழைய செயினோடயே ரெண்டு மூணு மாசம் தள்ளலாம்.

---

காவேரிப்பட்டணம்_ஸ்பேனர்

பழைய செயினோட தள்ளுறதுக்கு மட்டும் சரி. புது செயினுக்கு அதைப் போடக்கூடாது. பல்லோட ஒரு பக்கம் தேஞ்சா ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளமும் அகலமாயிடுது. திருப்பினாலும் பள்ளத்தோட அகலம் குறையாது, ரோலர் அதுல உருண்டு ஆடும். வெல்டிங் வச்சுப் பல்லை நிரப்பி அரத்தால ராவுறதும் அப்படித்தான். வெல்டிங் சூட்டுல பல்லோட கெட்டித்தன்மை போயிடும், பார்க்க முழுசா இருக்கும், கொஞ்ச நாள்ல மெழுகு மாதிரி தேயும்.

---

பர்கூர்_லேத்

ஹப் துளை பத்தி நான் சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் பணத்தை வீணடிக்கிறாங்க, இல்லைன்னா தப்பான வேலை செஞ்சு ஹப்பையே கெடுக்கிறாங்க.

பேரிங்கை வெளிய எடுத்ததும் துளையைப் பாருங்க. உள்சுவர் சாம்பல் நிறத்துல, கருவி ஓடின லேசான கோடுகளோட இருந்தா பேரிங் சுத்தலை, துளை நல்லா இருக்கு. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்து, கறுப்பா மசி அப்பியிருந்தா பேரிங்கோட வெளி வளையம் அலுமினியத்துக்குள்ள சுத்தியிருக்கு. கையால அழுத்தினாலே பேரிங் உள்ள போகுதுன்னா சந்தேகமே வேண்டாம்.

அளவு எடுக்க உள்விட்டம் பார்க்கிற போர் கேஜ் இருக்கிற லேத்துக்குப் போங்க. வெர்னியர்ல இந்த அளவு நம்ப முடியாது. பேரிங் பக்கத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க. 6301ன்னா உள் 12, வெளி 37, அகலம் 12 மி.மீ. 6202ன்னா 15, 35, 11. 6302ன்னா 15, 42, 13. 6203ன்னா 17, 40, 12. வெளி 37 உள்ள பேரிங்குக்கு துளை 36.97ல இருந்து 36.99க்குள்ள இருந்தாத்தான் இறுகி உட்காரும்.

37.10 வரைக்கும் பெருசாகியிருந்தா பேரிங் ஒட்டுற ரசாயனமே போதும். போல்ட் மரையில போடுற லாக்டைட் பசை இல்லை, பேரிங் பிடிக்கிறதுக்குன்னே தனியா வருது. லாக்டைட் 641 விட்டத்துல 0.10 மி.மீ இடைவெளி வரைக்கும் நிரப்பும், பின்னாடி புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) வச்சுக் கழட்டவும் முடியும். 638 இன்னும் கெட்டி, 0.25 வரைக்கும் தாங்கும், ஆனா கழட்டும்போது நல்லா சூடு காட்டணும். பாட்டில் முழுசா வாங்க வேண்டாம், பல லேத்துகள்ல ஒரு வேலைக்கு ஆகுற அளவு மட்டும் போட்டுக் கொடுப்பாங்க. துளையையும் பேரிங் வெளி வளையத்தையும் தின்னர் வச்சு எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாம துடைக்கணும். பசையைத் துளைச்சுவர்ல ஒரு வளையமா பூசுங்க, பேரிங் மேல பூசாதீங்க. பேரிங் மேல பூசினா உள்ள தள்ளும்போது வழிஞ்சு சீலுக்குள்ள போக வாய்ப்பு இருக்கு. 24 மணி நேரம் சக்கரத்தைத் தொடாம வச்சிடுங்க.

அதுக்கு மேல பெருசாகியிருந்தா புஷ் (துளைக்குள்ள இறக்குற வளையம்) போடணும். துளையை 41 மி.மீக்குப் போரிங் பண்ணி, 0.05 மி.மீ கூடுதலா கடைஞ்ச இரும்பு புஷ்ஷை இறக்கி, இறக்கினதுக்கு அப்புறம் அதே செட்டிங்ல உள்விட்டத்தை 36.98க்கு முடிக்கணும். முதல்லயே உள்விட்டத்தை முடிச்சுட்டு இறக்கினா புஷ் அமுங்கி உள்ள சுருங்கிடும், அளவு தப்பிடும். ஹப்பை லேத் சக்குல பிடிக்கும்போது ட்ரம்மோட உள்பக்கத்தை டயல் கேஜ் வச்சு மையம் பார்க்கச் சொல்லுங்க. மையம் தவறினா சக்கரம் கோணலா ஓடும், பிரேக் பிடிக்கும்போது துடிக்கும். ஸ்போக்கோடயே, ரிம்மை அவுக்காம இந்த வேலை பண்ணலாம், ஆனா ரிம் இடிக்காம சுத்துற அளவுக்குப் பெரிய லேத் வேணும். நம்ம பக்கம் இல்லைன்னா ஓசூர் சிப்காட் சுத்தி ஜாப் வொர்க் செய்யற இடங்கள் நிறைய இருக்கு.

சென்டர் பஞ்ச் வச்சு துளைச்சுவர்ல புள்ளி புள்ளியா குத்தி பேரிங்கை இறுக்குறாங்க. தயவு செஞ்சு யாரும் அதைச் செய்ய விடாதீங்க. பேரிங் அந்த மேட்டு முனைகள்ல மட்டும்தான் நிக்கும். அலுமினியம் மெத்துனு இருக்கிறதால சில வாரத்துல முனை அமுங்கும், திரும்ப சுத்தும், இந்தத் தடவை துளை வட்டமாவே இருக்காது. அப்புறம் பசையும் உதவாது.

ஏத்தும்போது சுத்தியலைக் குறைச்சு சூட்டைப் பயன்படுத்துங்க. அலுமினிய ஹப்பை 100 டிகிரிக்குச் சூடாக்கினா 37 மி.மீ துளை சுமார் 0.06 மி.மீ விரியும். பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வச்சா அது 0.02 சுருங்கும். ரெண்டும் சேர்ந்தா பேரிங் கை அழுத்தத்துலயே இறங்கிடும். ஹப் மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா 'சுர்'ருன்னு ஆவியாகணும், அந்தச் சூடு போதும். ஆனா ஒண்ணு, இது நேரா இறுக்கி ஏத்துற பேரிங்குக்கு மட்டும். பசை போட்டு ஏத்தும்போது ஹப்பைச் சூடாக்காதீங்க, பேரிங் பாதி போகும்போதே பசை பிடிச்சுக்கும்.

---

தேன்கனிக்கோட்டை_ரைடர்

பேரிங் ஏத்தும்போது மறக்கிற விஷயம் நடுவுல வர்ற டிஸ்டன்ஸ் பீஸ். ரெண்டு பேரிங்கோட உள் வளையங்களுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கும். அது இல்லாம மாட்டினாலோ, பழையது தேஞ்சு குட்டையாயிருந்தாலோ, ஆக்சில் நட்டை முறுக்கும்போது ரெண்டு உள் வளையமும் ஒண்ணை நோக்கி ஒண்ணு இழுபடும். குண்டுகள் பக்கவாட்டுல நசுங்கும், புது பேரிங் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது. பல வண்டியில 'பேரிங் குவாலிட்டி சரியில்லை'ன்னு பேரிங் மேல பழி போகுது, கோளாறு அந்தக் குழாயில இருக்கு.

ஒரு பக்கப் பேரிங்கை முழுசா அடிவரைக்கும் உட்கார வைங்க. குழாயைப் போடுங்க. மறுபக்கப் பேரிங்கை குழாயைத் தொடுற வரைக்கும் மட்டும் இறக்குங்க. தொட்டுச்சான்னு தெரிய, விரலை விட்டுக் குழாயை ஆட்டிப் பாருங்க. லேசான இறுக்கத்தோட நகரணும், கலகலன்னு ஆடக்கூடாது. தட்டுறது எப்பவும் வெளி வளையத்துல. பழைய பேரிங்கையே மேல வச்சுத் தட்டினா சரியான அளவு கிடைக்கும். கழட்டின பேரிங்கைத் திரும்பப் போடாதீங்க. கழட்டும்போது உள் வளையத்துல அடிச்சுத்தான் வெளிய வந்திருக்கும், அந்த அடி குண்டு ஓடுற பாதையில பள்ளம் போட்டிருக்கும்.

நம்ம பக்கம் ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்கே வாங்குங்க. தகரத்தட்டு சீல் மழைத் தண்ணியைத் தடுக்காது.

---

ஊத்தங்கரை_மெக்கானிக்

கப்ளிங் ரப்பர் பத்தியும் சொல்லிடுறேன். புது ரப்பர் போட்டும் லேசா ஆட்டம் இருந்தா, ஹப்புக்குள்ள இருக்கிற அலுமினிய இறக்கைகள் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்காக கப்ளிங்கை மாத்த வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பை இறக்கை அகலத்துக்கு வெட்டி, ரப்பருக்கும் இறக்கைக்கும் நடுவுல ஒரு மடிப்பு வைங்க. முன்னாடி இழுக்கும்போது அமுங்குற பக்கத்துல வைங்க, எல்லா அறையிலயும் ஒரே எண்ணிக்கையில வைங்க. ஒரு அறையில மட்டும் வச்சா சுமை முழுக்க அந்த ரப்பர்லயே விழுந்து அது கிழியும். லாரி டயர் துண்டு வைக்கிறவங்க இருக்காங்க. அது ரொம்பக் கெட்டி, அதிர்ச்சியை வாங்காது, இடி நேரா செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும்.

இறுக்கமா இருக்கேன்னு கிரீஸோ ஆயிலோ தடவி ரப்பரை இறக்காதீங்க, உப்பிப் பிசுபிசுன்னு ஆயிடும். சோப்புத் தண்ணி போதும்.

---

பாலக்கோடு_100சிசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அளந்து பார்த்தாச்சு.

செயின் 20 லிங்க்: மூணு இடத்துல 259, 260, 262. பெரிய ஸ்ப்ராக்கெட் பல்லு தெளிவா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. பல்லு நுனி ஆட்டம் 5 மி.மீ. ரப்பர் நாலுல ரெண்டு பிளந்திருக்கு. கப்ளிங் பேரிங் சுத்தினா நொறநொறன்னு இருக்கு, ஆனா துளையில இறுக்கமா இருக்கு. ஹப்புல செயின் பக்கத்து 6301 கையாலயே வெளிய வந்துடுச்சு. லேத்துல போர் கேஜ் வச்சு 37.06 சொன்னாங்க. மறுபக்கம் இறுக்கமா இருக்கு. ஸ்விங் ஆர்ம் ஆட்டம் இல்லை. ட்ரம் அளவு எல்லைக்குள்ள இருக்கு.

முன் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்ல ஆட்டினா கொஞ்சம் ஆடுது, அது பரவாயில்லையா? அப்புறம், பால் கேனோட அஞ்செட்டி மலைப்பாதையில போற வண்டிக்கு முன்னாடி ஒரு பல்லு குறைச்சுப் போட்டா இழுவை நல்லா இருக்கும்னு சொல்றாங்க, போடலாமா?

---

பர்கூர்_லேத்

37.06ன்னா புஷ் வேண்டாம். 641 போதும். மறுபக்கத்து பேரிங்கையும் சேர்த்து மாத்திடுங்க, டிஸ்டன்ஸ் பீஸ் ரெண்டையும் இணைக்குது, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு வைக்க வேண்டாம். பசை போடுற பக்கத்தைக் கடைசியா ஏத்துங்க. ஹப் வாங்குற செலவும் ஸ்போக் கட்டுற கூலியும் உங்களுக்கு மிச்சம்.

---

காவேரிப்பட்டணம்_ஸ்பேனர்

முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்ல லேசா ஆடுறது சகஜம். ஷாஃப்ட் வரிப்பல்லுல சுலபமா ஏறணும்னு கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்யறாங்க. பார்க்க வேண்டியது பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கழட்டினப்புறம் ஷாஃப்ட்டைத்தான். வரிப்பல்லு மேல்முனை தட்டையா இருக்கா, இல்லை கத்தி மாதிரி கூர்மையா ஆயிடுச்சான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தட்டையா இருந்து புது ஸ்ப்ராக்கெட் போட்டதும் ஆட்டம் குறைஞ்சா கவலை இல்லை. கூர்மையாயிருந்தாலும் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோட சேர்த்து வெல்டிங் மட்டும் வைக்க விடாதீங்க. ஆயில் சீல் கருகும், உள்ள இருக்கிற பேரிங்குக்குச் சூடு போகும், அடுத்த தடவை சீல் மாத்தணும்னாகூட இன்ஜினைப் பிரிக்கணும். பூட்டுத் தட்டையும் அதோட ரெண்டு போல்ட்டையும் புதுசா போடுங்க, சில ரூபாய் சமாச்சாரம்தான். அந்தத் தட்டு தேஞ்சா ஸ்ப்ராக்கெட் உள்ளுக்கும் வெளியவும் நகர்ந்து செயின் வரிசை தவறும். ஷாஃப்ட்டைச் சுத்தி ஆயில் கசிவு இருக்கான்னும் அப்பவே பாருங்க. செயின் கழண்டிருக்கும்போது சீல் மாத்தினா தனிக் கூலி வராது.

பல்லு குறைக்கிற யோசனை: 14ஐ 13 ஆக்கினா இழுவை 7.7 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனா சின்னச் சக்கரத்துல அதே இன்ஜின் விசைக்குச் செயின்ல வர்ற இழுப்பும் அதே 7.7 சதவீதம் கூடும், ஒவ்வொரு லிங்கும் கூடுதலா மடங்கி நிமிரணும். ரெண்டும் தேய்மானம்தான். உங்க ரெண்டு கேன் பால் மட்டுமே 82 கிலோ, கேன் எடையும் ஓட்டுறவர் எடையும் வேற. 100 சிசி வண்டிக்கு இதுவே அதிகம், அதுக்கு மேல செயினைக் கஷ்டப்படுத்த வேண்டாம். கம்பெனி கொடுத்த எண்ணிக்கையே போடுங்க. பழைய ஸ்ப்ராக்கெட் பல்லை எண்ணிக்கிட்டு கடைக்குப் போங்க. செயின்ல 420, 428 எதுன்னு லிங்க் பட்டையிலயே குத்தியிருக்கும். பிட்ச் ஒண்ணுதான்னாலும் 428 ரோலர் 8.51 மி.மீ, 420 ரோலர் 7.77, அகலமும் வேற, மாத்திப் போடக்கூடாது. ரோலான், டைமண்ட் மாதிரி பேர் தெரிஞ்ச செட்டோ, வண்டிக் கம்பெனி செட்டோ வாங்குங்க. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஒரே பெட்டியில வரணும்.

---

ஊத்தங்கரை_மெக்கானிக்

மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது. பின் ஸ்ப்ராக்கெட் உட்காருற முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவும் பழைய கிரீஸும் இல்லாமத் துடைங்க. அங்க ஒரு மண் துகள் இருந்தாலும் பல்லு வட்டம் கோணலாகும். நட்டுக்குக் கீழ வர்ற மடிப்பு வாஷர் புதுசு. 8 மி.மீ நட்டுக்கு 15 செ.மீ ஸ்பேனர்ல சுமார் 18 கிலோ இழுப்பு போதும், குறுக்குக் குறுக்கா ரெண்டு சுற்றா முறுக்கி, அப்புறம் வாஷர் காதை மடக்குங்க. சக்கரத்தை மாட்டி, ஸ்விங் ஆர்ம்ல ஒரு கம்பித் துண்டைக் கட்டி அதோட நுனியைப் பல்லுக்குப் பக்கத்துல நிறுத்திச் சக்கரத்தைச் சுத்துங்க. இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். அரை மி.மீக்கு மேல மாறினா கழட்டித் திரும்பத் துடைங்க.

செயின் வரிசைக்கு ஸ்விங் ஆர்ம்ல இருக்கிற கோட்டை மட்டும் நம்பாதீங்க. ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவுல இருந்து ஆக்சில் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு அளங்க, ரெண்டும் ஒண்ணா வரணும். கோணலா ஓடினா ஒரு பக்கத்து உள்பட்டை மட்டும் வெள்ளியா மின்னும்.

செயினை இணைக்கிற பூட்டுக் கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும். மேல் செயின் பின்னாடியிருந்து முன்னாடி போகும், கீழ் செயின் முன்னாடியிருந்து பின்னாடி. கீழ வச்சுப் பூட்டினா மூடின முனை வண்டியோட பின்பக்கம் பார்த்து இருக்கணும். இதைத் தலைகீழா மாட்டினா, எங்கயாவது உரசும்போது கிளிப் தானா கழண்டு போகும்.

தொய்வு 25ல இருந்து 30 மி.மீ, இறுக்கமான இடத்துல அளந்து. உங்க வண்டிக்கு இன்னொரு சோதனையும் வேணும். கேன் ரெண்டும் ஏத்தி, ஆளும் உட்கார்ந்து, கீழ் செயினைத் தொட்டுப் பாருங்க. பின்னாடி சுமை அமுங்கி ஆக்சில், ஸ்விங் ஆர்ம் போல்ட், முன் ஸ்ப்ராக்கெட் மூணும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் அதிகபட்சம் இறுகும். அப்பவும் 10 மி.மீயாவது ஆடணும். ஆடலைன்னா காலி வண்டியில இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க.

---

தேன்கனிக்கோட்டை_ரைடர்

எண்ணெய் விஷயம். உங்க செயின் ரப்பர் வளையம் இல்லாத சாதா செயின்தான். 90 நம்பர் கியர் ஆயில் போதும், ஸ்ப்ரே வாங்கணும்னு அவசியமில்லை. தேய்மானம் நடக்கிறது ரோலர் மேல இல்லை, உள்ள பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல. அதனால உள்பட்டையும் வெளிப்பட்டையும் சேர்ற இடுக்குல, ரெண்டு பக்கமும் சொட்டுச் சொட்டா விடணும். சாயங்கால ஓட்டம் முடிஞ்சு செயின் சூடா இருக்கும்போது விட்டா ராத்திரியில உள்ள இறங்கும். காலையில வெளிய வழிஞ்சதைத் துணியால துடைச்சுடுங்க. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. கிரீஸை மேல அப்பினா உள்ள போகாது, மண்ணை மட்டும் பிடிச்சு வைக்கும். வடிச்ச பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதுல கரியும் இரும்புத் துகளும் இருக்கு.

செயின் மூடியில எண்ணெய் விட ஒரு ஓட்டையும் அதுக்கு ஒரு ரப்பர் மூடியும் இருக்கும். பல வண்டியில அந்த ரப்பரைக் காணோம். நம்ம மாவட்டத்துல கிரானைட் லாரி ஓடுற ரோட்டுல இது சின்ன விஷயம் இல்லை. கல் தூள்ல இருக்கிற குவார்ட்ஸ் சாதா இரும்பை விடக் கெட்டி. அது எண்ணெயில கலந்தா பின்னை அரைக்கிற பேஸ்ட் ஆயிடும். அந்த ரப்பர் மூடியைத் தேடி வாங்கிப் போடுங்க. மூடியோட ரெண்டு பாதியும் சேர்ற ஓரம் வளைஞ்சிருந்தா தட்டி நேராக்கிட்டு மாட்டுங்க.

சுத்தம் பண்ணும்போது இன்ஜினை நிறுத்தி, கையால மட்டும் சக்கரத்தைச் சுத்துங்க. கியர்ல ஓடவிட்டுத் துணி பிடிச்சா, துணியோட விரலையும் ஸ்ப்ராக்கெட் இழுத்துக்கும்.

---

பாலக்கோடு_100சிசி

கடைசியா ஒண்ணுங்க. இப்ப வாங்க வேண்டியது: செயின் செட் ஒண்ணு, கப்ளிங் ரப்பர் நாலு, 6301 ரெண்டு, கப்ளிங் பேரிங் ஒண்ணு, மடிப்பு வாஷர், முன் பூட்டுத் தட்டு, மூடி ரப்பர். லேத்துல 641 கூலி. இது சரிதானுங்களா? விட்டது எதாவது இருக்கா?

---

காவேரிப்பட்டணம்_ஸ்பேனர்

கப்ளிங் பேரிங்குக்கு வெளிய வர்ற ஆயில் சீலும், அந்தப் பக்கத்து காலரும் விட்டுப் போச்சு. காலரை நகத்தால தடவிப் பாருங்க, சீல் உரசின இடத்துல பள்ளம் தட்டுப்பட்டா அதையும் மாத்தணும், பள்ளத்துல புது சீலும் தண்ணியை விட்டுடும். பேரிங் நம்பரை பழையதைப் பார்த்தே வாங்குங்க. மாட்டி 500 கிலோமீட்டர் ஓடினதும் புது செயின் முதல் தடவையா கொஞ்சம் தொங்கும், அது உட்காருறதுதான். அப்ப தொய்வைச் சரி பண்ணும்போது பின் ஸ்ப்ராக்கெட் நட்டு நாலையும் ஸ்பேனர் வச்சுத் தொட்டுப் பார்த்துடுங்க.